மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுகளம்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யுனைடெட் தோற்ற மறுநாள் காலையில் என் கைபேசிக்கு வந்து சேரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். புதிதாகப் பிரீமியர் லீக் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளும் கேட்கிறார்கள். ராய் கீன் காலத்திலிருந்து பார்த்துவரும் பெரியவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் பயிற்சியாளன் அல்ல. இந்த அணிக்காகப் பல இரவுகள் கண்விழித்திருக்கும் ரசிகன், அவ்வளவுதான்.

தோற்றவுடன் நடுகளத்தையே குறை சொல்கிறீர்களே, கோலை விடுவது பின்களம் அல்லவா?

கோல் விழுவது பின்களத்தில். அது முளைவிடும் இடம் பல நேரம் நடுகளம். 2022 ஆகஸ்ட் 13 அன்று பிரென்ட்ஃபோர்டில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நேரப்படி இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. ஏற்கெனவே ஒரு கோல் விழுந்துவிட்டது. 18ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் டி கியா, பெனால்டி பெட்டியின் விளிம்பில் நின்ற நடுகள வீரர் எரிக்சனுக்குப் பந்தைத் தள்ளுகிறார். எரிக்சனின் முகம் தன் அணியின் கோலைப் பார்த்திருக்கிறது. முதுகுப் பக்கம் பிரென்ட்ஃபோர்டின் யென்சன் பாய்ந்து வருகிறார். பந்து எரிக்சனின் காலில் அமர்வதற்குள் பறிபோகிறது. அடுத்த நொடி கோல். 35ஆவது நிமிடத்தில் பிரென்ட்ஃபோர்டு 4-0 என்று முன்னிலையில் இருந்தது.

அன்றிரவு எல்லோரும் டி கியாவைத் திட்டினார்கள். முதல் கோலில் பந்தைக் கைநழுவ விட்டவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் எரிக்சன் கோலுக்கு அருகில் பந்தைக் கொண்டுபோய்க் கடைசி பாஸ் கொடுத்துப் பெயரெடுத்தவர். அவரைப் பின்களத்துக்கு முன்னால் நிறுத்தி, எதிரணியை முதுகில் சுமந்தபடி பந்து வாங்கச் சொன்னது யார்? அந்த வேலைக்கு ஆள் இல்லாமலேயே சீசனைத் தொடங்கியது யார்? நான் கேட்பது இவற்றைத்தான்.

இந்தக் குறை மேனேஜர் ஃபெர்குசன் 2013இல் ஓய்வு பெற்ற பிறகு வந்ததுதானே?

இல்லை. அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவில்லை. இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். 2009இல் ரோமிலும் 2011இல் வெம்பிளியிலும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்களில் பார்சிலோனாவிடம் தோற்றோம். சாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் மூவரும் நடுகளத்தைத் தங்கள் வீட்டு முற்றம்போல எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகும் நடுகளத்துக்கென்று பெரிய விலை கொடுத்து யாரையும் வாங்கவில்லை. 2007இல் ஹார்கிரீவ்ஸும் ஆண்டர்சனும் வந்ததோடு சரி. அடுத்து ஃபெலைனி வந்தது 2013இல்.

இதன் உச்சம் 2011 டிசம்பர் 31. ஃபெர்குசனின் 70ஆவது பிறந்தநாள். ஓல்டு டிராஃபோர்டில் பட்டியலின் அடியில் கிடந்த பிளாக்பர்னுக்கு எதிரான ஆட்டம். நடுகளத்தின் மையத்தில் ஆடியவர்கள் யார் தெரியுமா? வலது பின்கள வீரர் ரஃபேலும், ஓரங்களில் ஓடியே பழகிய பார்க் ஜி-சுங்கும். நடுகள வீரரான கேரிக் பின்களத்தின் நடுவில் சென்டர் பேக்காக நின்றார். இளம் போக்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2-3 என்று தோற்றோம். ஒரு வாரம் கழித்து, முந்தைய கோடையில் ஓய்வு பெற்றுவிட்ட நடுகள வீரர் பால் ஸ்கோல்ஸ் திரும்பி வந்து மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ஆடினார். 2012 கோடையில் போக்பா ஒப்பந்தம் முடிந்து, விற்பனை விலை எதுவும் கிடைக்காமல் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போய்விட்டார்.

2012–13இல் லீக்கை வென்றோம், உண்மைதான். வான் பெர்சியின் கோல்களும் ஃபெர்குசனின் பிடிவாதமும் வென்றுகொடுத்த பட்டம் அது என்பது என் கருத்து. வீட்டின் அஸ்திவாரத்தில் விழுந்த விரிசலை அந்தக் கோப்பை மறைத்துவிட்டது.

மைக்கேல் கேரிக்கை இவ்வளவு கொண்டாடுகிறீர்களே, அவர் அப்படி என்ன செய்தார்?

கோல் தொகுப்புக் காணொளிகளை மட்டும் பார்த்தால் அவர் கண்ணில் படமாட்டார். 2006இல் டாட்டன்ஹாமிலிருந்து வந்து, கீன் விட்டுச்சென்ற 16ஆம் எண் சட்டையை அணிந்தார். கீனைப்போல மோதி விழுத்துபவர் அல்ல என்பதால் முதல் சில ஆண்டுகள் நம் ரசிகர்களே முணுமுணுத்தார்கள்.

பழைய முழு ஆட்டம் ஒன்று கிடைத்தால் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை இடது தோளுக்கு மேலும் ஒருமுறை வலது தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துவிடுவார். பந்து வரும்போது உடல் பாதி திரும்பியிருக்கும். ஒரு தொடலில் வாங்கி, மறு தொடலில் எதிரணியின் நடுகள வீரர்கள் இருவருக்கு இடையில் தரையோடு தரையாக முன்னால் அனுப்புவார். அந்த ஒரு பாஸில் எதிரணியின் நான்கைந்து பேர் பந்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது இரண்டடி நகர்ந்து நிற்பார். அவர்கள் கொடுக்க நினைத்த பாஸின் வழி அடைபட்டுவிடும். ஓடிப் போய்ச் சறுக்கித் தடுக்க வேண்டிய தேவையே எழாது.

2018இல் அவர் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்கு இன்றுவரை முறையாக ஆள் எடுக்கவில்லை என்பதுதான் என் முதன்மையான மனக்குறை.

பணத்தைக் கொட்டத்தானே செய்தார்கள்?

கொட்டினார்கள். 2015இல் ஷ்வைன்ஸ்டைகர், ஷ்னைடர்லான். 2016இல் அதே போக்பாவை அன்றைய உலகச் சாதனை விலையான 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022இல் மறுபடியும் இலவசமாகவே போனார். 2017இல் மாட்டிச், 2018இல் ஃப்ரெட், 2020இல் வான் டெ பேக், 2022இல் கேசெமிரோ, 2024இல் உகார்த்தே.

பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பலரும் நல்ல வீரர்கள். ஒருவருக்குப் பக்கத்தில் நிற்க இன்னொருவரை வாங்கியதாக எங்காவது தெரிகிறதா? ஒவ்வொரு மேனேஜரும் தன் வியூகத்துக்கு ஒருவரைக் கேட்டார். அவர் ஆடத் தொடங்கும்போது மேனேஜர் மாறிவிட்டார். அடுத்தவருக்கு வேறு வகை ஆள் தேவைப்பட்டார். போக்பா மூன்று பேர் கொண்ட நடுகளத்தில் இடது பக்கம் சுதந்திரமாக ஆட வேண்டியவர். அவரை எத்தனை ஆட்டங்களில் இருவர் கொண்ட நடுகளத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள்! ஜன்னலை வாங்கிய பிறகு அதற்கேற்பச் சுவர் எழுப்ப முயன்றதுபோல் இருந்தது எல்லாம்.

மேனேஜர் டென் ஹாக் காலத்தில் எல்லோரும் பேசிய "ஓட்டை" என்ன?

உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மாவு, நடுவில் ஒன்றுமில்லை. 2023–24 சீசனில் நம் அணி அப்படித்தான் இருந்தது.

முன்கள வீரர்கள் எதிரணியின் கோல்வரை மேலேறி நெருக்குவார்கள். அவர்களோடு புரூனோ ஃபெர்னாண்டஸும் இன்னொரு நடுகள வீரரும் போய்விடுவார்கள். பின்களம் மட்டும் மேலேறாது. வேகம் குறைந்தவர்களும் காயத்திலிருந்து திரும்பியவர்களும் தங்களுக்குப் பின்னால் இடம் விட அஞ்சினார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் ஒரு மைதானமே கிடந்தது. அதைக் காக்க ஒரே ஆள், பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய கேசெமிரோ. எதிரணி முதல் நெருக்கடியை ஒரு பாஸில் கடந்தால் போதும், நேராக நம் பின்களத்தின் முன் வந்து நின்றார்கள்.

விளைவைப் பாருங்கள். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் 15 கோல் வாங்கிக் கடைசி இடத்தில் வெளியேறினோம். கோபன்ஹேகனில் இரண்டு கோல் முன்னிலையில் இருந்து 3-4 என்று தோற்றோம். கலாட்டாசராயில் இரண்டு கோல் முன்னிலையை விட்டு 3-3 என்று முடித்தோம். 2024 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், இரண்டாம் பிரிவு அணியான கவன்ட்ரிக்கு எதிராக 3-0 என்று இருந்த ஆட்டம் 3-3 ஆகி, பெனால்டியில் தப்பினோம். லீக்கில் எட்டாவது இடம்.

பந்து கையில் இருக்கும்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து மூச்சுவிட வைக்கத் தெரிந்த ஒருவர் நடுகளத்தில் இருந்தால் இந்த முன்னிலைகள் கரைந்திருக்காது. நாங்கள் முன்னிலையில் இருக்கும்போதும் பின்தங்கிய அணியைப்போல் அவசரப்பட்டு ஆடினோம். டிவி முன் உட்கார்ந்திருந்த எனக்கே கால் வலித்தது.

அப்படியானால் கேசெமிரோவை வாங்கியதே தவறா?

முதல் சீசனில் அவர் இல்லையென்றால் மூன்றாவது இடமும் லீக் கோப்பையும் கிடைத்திருக்காது. 2023 இறுதி ஆட்டத்தில் நியூகாசிலுக்கு எதிரான முதல் கோல் அவர் தலையால் முட்டியதுதான். ரியல் மாட்ரிட்டுடன் ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்றவர். ஆனால் அங்கே அவருக்கு இருபுறமும் மோட்ரிச்சும் குரூஸும் நின்றார்கள். அவர்களோடு பகிர்ந்து செய்த வேலையை இங்கே தனியாகச் செய்யச் சொல்லிவிட்டு, கால் ஓயும்போது அவரைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மெக்டாமினேயை விற்றது சரியா?

இதைப் பேசும்போது எனக்குக் கோபமும் வருகிறது, குற்ற உணர்வும் வருகிறது. மெக்டாமினே–ஃப்ரெட் இணையைப் பெயர் சேர்த்துக் கிண்டல் செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் பின்களத்துக்கு முன் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாதவர் என்று திட்டினேன். அவருடைய திறமை அதுவல்ல என்பது என் கண்ணெதிரே இருந்தது: பெட்டிக்குள் கடைசி நேரத்தில் நுழைந்து கோல் அடிப்பது. 2023 அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 90 நிமிடம் கடந்த பிறகு இரண்டு கோல் அடித்துத் தோல்வியை வெற்றியாக்கியவர் அவர்.

2024 ஆகஸ்டில் நாப்போலிக்குப் போனார். அங்கே மேனேஜர் கான்டே அவரை முன்னோக்கி ஓடவிட்டார். முதல் சீசனிலேயே லீக்கில் 12 கோல், இத்தாலியப் பட்டம், சீரி ஆவின் சிறந்த வீரர் விருது. பட்டத்தை உறுதி செய்த கடைசி ஆட்டத்தில் அந்தரத்தில் கால் வீசி முதல் கோலை அடித்தவரும் அவர்தான்.

விற்றதற்குக் கணக்கு வழக்கும் ஒரு காரணம். பிரீமியர் லீக்கின் அன்றைய லாப விதிகளின்படி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 6 கோடி பவுண்டுக்கு வாங்கிய வீரருக்கு ஆண்டுக்கு 1.2 கோடி என்று செலவு எழுதுவார்கள். அவரை இரண்டு ஆண்டு கழித்து 4 கோடிக்கு விற்றால், இன்னும் எழுதாமல் மீதமிருக்கும் 3.6 கோடியைக் கழித்த பிறகே லாபம். மெக்டாமினேபோலக் கிளப்பின் சொந்த அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் இல்லை. விற்ற தொகை முழுவதும் லாபம். அதனால் கிளப்புகள் தாங்கள் வளர்த்த பிள்ளைகளைத்தான் முதலில் விற்கத் துடிக்கின்றன. இந்த விதி இப்படி வேலை செய்வது கால்பந்துக்கே கேடு என்று நினைக்கிறேன்.

டென் ஹாக்குக்குப் பின் வந்த மேனேஜர் அமோரிமின் 3-4-2-1 வியூகம் ஏன் எடுபடவில்லை?

வியூகத்தில் தவறில்லை. ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 2021இல் 19 ஆண்டுகளுக்குப் பிறகு போர்ச்சுகல் சாம்பியனாக்கியது இதே வியூகம்தான், 2024இலும் வென்றது.

பின்னால் மூன்று சென்டர் பேக், இரு ஓரங்களில் விங் பேக், நடுவில் இருவர், அவர்களுக்கு முன்னால் இருவர், உச்சியில் ஒருவர். எதிரணி நடுவில் மூவரை நிறுத்தினால் நம் இருவர் மூவரைச் சமாளிக்க வேண்டும். இதை ஈடுகட்ட வழி உண்டு: சென்டர் பேக் ஒருவர் துணிந்து முன்னேறி வர வேண்டும், அல்லது முன்னால் நிற்கும் இருவரில் ஒருவர் இறங்கி வர வேண்டும். நடுவில் நிற்கும் இருவருக்கும் நெடுந்தூரம் ஓடும் கால்களும் நெருக்கடியில் திரும்பும் லாகவமும் வேண்டும்.

நம்மிடம் இருந்தவர்கள் யார்? கேசெமிரோவுக்கு அனுபவம் உண்டு, கால் இல்லை. உகார்த்தேவுக்குக் கால் உண்டு, பந்தைப் பறித்த பிறகு முன்னால் அனுப்பும் பார்வை குறைவு. எரிக்சனுக்குப் பார்வை உண்டு, ஓட்டம் இல்லை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. இருவர் மட்டுமே ஆடலாம்.

2024–25இல் லீக்கில் 18 தோல்வி, 42 புள்ளி, 15ஆவது இடம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய 1973–74க்குப் பிறகு இதுவே மோசமான சீசன். 2025 மே 21 அன்று பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். எதிரே, லீக்கில் நமக்கும் கீழே 17ஆவது இடத்தில் முடித்த டாட்டன்ஹாம். பந்து பெரும்பாலும் நம் காலில்தான். பக்கவாட்டில் போனது, பின்னால் வந்தது, மறுபடி பக்கவாட்டில் போனது. நடுவைத் துளைக்கும் ஒரு பாஸுக்காகக் காத்திருந்தேன். 42ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் கோலோடு ஆட்டம் 0-1 என்று முடிந்தது. அந்த சீசனில் அதே அணியிடம் நான்காவது தோல்வி.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? 2025 கோடையில் குன்யா, எம்பேமோ, ஷெஷ்கோ என்று முன்களத்துக்கு மட்டும் 20 கோடி பவுண்டு அளவுக்குச் செலவழித்தார்கள். கோல்கீப்பர் லம்மன்ஸும் வந்தார். நடுகளத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் நான்காம் பிரிவு அணியான கிரிம்ஸ்பி டவுனிடம் லீக் கோப்பையில் பெனால்டியில் தோற்றோம். போப்பாண்டவரே சொன்னாலும் வியூகத்தை மாற்ற மாட்டேன் என்ற பொருளில் அமோரிம் பேசியது அதற்கடுத்த மாதம். கொள்கைப் பிடிப்பு நல்லதுதான். கையில் இருக்கும் வீரர்கள் அதற்குத் தோதாக இல்லாதபோது அது வீரர்களையே தண்டிக்கிறது.

புரூனோ ஃபெர்னாண்டஸ் எங்கே ஆட வேண்டும்?

கோலுக்கு அருகில். 2020 ஜனவரியில் வந்த நாளிலிருந்து இந்த அணியின் பாதிப் பாரத்தைச் சுமப்பவர் அவர். துணிந்து கொடுக்கும் பாஸ்களில் பல தவறும். மீதியில் ஒன்று கோலாகும். அந்தத் துணிச்சல் எதிரணிப் பெட்டியின் முன் வரம், நம் பெட்டியின் முன் ஆபத்து. அமோரிம் அவரைப் பின்னுக்கு இழுத்து நடுகள இருவரில் ஒருவராக்கினார். அங்கே அவர் பந்தை இழந்தால் மறைக்க ஆள் இல்லை.

கோபி மைனூ விஷயத்தில் ஏன் இவ்வளவு வருத்தம்?

2005இல் பிறந்த பையன், நம் அகாடமியில் வளர்ந்தவன். 2023 நவம்பரில் எவர்டனில் லீக்கில் முதன்முறையாகத் தொடக்க அணியில் இறங்கியபோது கோலாக இருந்த ஒரு பந்தைக் கோல் கோட்டருகில் நின்று வெளியே தள்ளினான். கூச்சலிட்ட மைதானத்தில் அவன் மட்டும் அவசரமே இல்லாமல் ஆடினான். 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தபோது அவனுக்கு 19 வயது. இருவர் நெருக்கும்போது உடலை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் வழுக்கிப் போகும் அந்த அசைவு, ஆயிரம் பேரில் ஒருவருக்கு வாய்ப்பது.

2025 ஏப்ரலில் லியோனுக்கு எதிரான ஆட்டத்தை மறக்க முடியுமா? கூடுதல் நேரத்தில் 2-4 என்று பின்தங்கி, புரூனோவின் பெனால்டியில் 3-4 ஆனது. 120ஆவது நிமிடம். பெட்டிக்குள் பந்து மைனூவிடம் வருகிறது. மற்ற யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்திருப்பார்கள். அவன் ஒரு தொடலில் நிதானித்து, மூலை பார்த்து வளைத்துவிட்டான். அடுத்த நிமிடம் மக்வாயர் தலையால் 5-4. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு கத்தினேன்.

இப்படிப்பட்டவனுக்கு அடுத்த சீசனில் அமோரிம் லீக்கில் தொடக்க இடம் கொடுக்கவே இல்லை. புரூனோவோடு போட்டியிட வேண்டும் என்றார். இருவரையும் சேர்த்து ஆடவைக்கும் வழியைத் தேடுவது அல்லவா மேனேஜரின் வேலை?

ஆட்டம் பார்க்கும்போது நடுகளத்தை எப்படிக் கவனிப்பது?

நம் கோல்கீப்பர் பந்தை வைத்திருக்கும்போது, நடுகள வீரர் எவராவது தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நம் அணி பந்தை இழந்தவுடன் ஐந்து நொடி பந்தைப் பார்க்காமல் நம் சென்டர் பேக்குகளுக்கு முன்னால் உள்ள இடத்தைப் பாருங்கள். அங்கே எதிரணிச் சட்டை ஒன்று தனியாக நின்றால் ஆபத்து. சென்டர் பேக்குகள் தங்களுக்குள் மூன்று நான்கு முறை பந்தைத் தள்ளிக்கொண்டால் அவர்களைத் திட்டாதீர்கள். முன்னால் வாங்க ஆள் இல்லை என்று பொருள்.

மேனேஜரை மாற்றினால் சரியாகிவிடுமா?

2013க்குப் பிறகு மோயஸ், வான் ஹால், மொரீனியோ, சோல்ஷா, ரங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று பார்த்துவிட்டோம். 2026 ஜனவரியில் அமோரிமை நீக்கி, சீசன் முடியும்வரை கேரிக்கிடம் அணியை ஒப்படைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே பின்னால் நால்வர், புரூனோ முன்னால், கேசெமிரோவுக்குப் பக்கத்தில் மைனூ. சிட்டியை 2-0 என்று வென்றோம். புதிய ஆள் ஒருவரும் வரவில்லை. இருந்தவர்களை அவரவர் இடத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த வேலையைத் தன் காலால் பன்னிரண்டு ஆண்டு செய்தவருக்கு அது தெரிந்திருந்தது.

ஆனாலும் கேசெமிரோவின் வயதைக் கேரிக்காலும் குறைக்க முடியாது.

சரி, அடுத்து யாரை வாங்க வேண்டும்?

பெயர் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கோடையிலும் பெயர்களைச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம். வேலையைச் சொல்கிறேன். மைனூவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் முன்னேறும்போது இவர் இடத்தை விட்டு நகரக்கூடாது. சென்டர் பேக்கிடமிருந்து முதுகில் ஆளோடு பந்து வாங்கித் திரும்ப வேண்டும். 70ஆவது நிமிடத்திலும் 40 கெஜம் பின்னோக்கி ஓட வேண்டும். வயது 25க்குள் இருந்தால் நல்லது. இந்த வேலையைச் செய்பவர்கள் ஐரோப்பாவில் விலை அதிகம். ஒரு முன்கள வீரரை வாங்காமல் விட்டால் அந்தப் பணம் வந்துவிடும். அவர் சட்டை விற்பனையில் முதலிடம் பிடிக்கமாட்டார். முதல் ஆறு மாதம் நம் ரசிகர்களே அவரைப் பார்த்து "இவர் என்னதான் செய்கிறார்?" என்று கேட்பார்கள். கேரிக்கைப் பார்த்தும் அப்படித்தான் கேட்டோம்.